எந்த வைரஸ் கார்ட் வாங்குவது?

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் சிறிய கொமினிகேஷன் கடை ஒன்று நடத்துகிறேன். போட்டோ கொப்பி, பிரின்ட், சி.வி. டைப் பண்ணுவது, ஒன்லைன் விண்ணப்பம் போடுவது, இவைதான் வேலை. விண்டோஸ் 10 போட்ட இரண்டு கொம்பியூட்டர் இருக்கின்றன. கொஞ்ச நாளாக யார் பென் ட்ரைவ் கொண்டுவந்து போட்டாலும் உள்ளே இருக்கிற போல்டரெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிடுகிறது. தவணைப் பரீட்சை வினாத்தாள் வைத்திருந்த பென்னில் ஒன்றுமே இல்லை என்று ஒரு டீச்சர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். “அந்தக் கடைக்குப் போனா வைரஸ்தான் வரும்” என்று ஊரில் பேச்சு. விண்டோஸ் அடித்துத் தந்த தம்பி திரும்ப போர்மட் அடிக்கலாம் என்கிறார். ஏற்கெனவே ஒரு தடவை அடித்தும் திரும்ப வந்துவிட்டது. காசு கொடுக்காமல் ஒபிஸை ஓடவைக்கிற கிராக் போட்டபோது அவர்தான் விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிபென்டரை நிறுத்திவைத்தார், இல்லாவிட்டால் கிராக்கை அழித்துவிடுமாம். போன கிழமை என் பேஸ்புக்கிலிருந்து நான் அனுப்பாத மெசேஜ் பலருக்குப் போயிருக்கிறது. காசு கொடுத்து நல்ல வைரஸ் கார்ட் (வைரஸ் தடுப்பு புரோகிராம்) ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எது நல்லது அண்ணா? பைலையெல்லாம் பூட்டிவைத்துக் காசு கேட்கிற வைரஸ் வந்தால் என்ன செய்வது? வாடிக்கையாளரின் பென்னைத் துப்புரவாக்கிக் கொடுத்தால் அதற்குக் காசு வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, வைரஸ் கார்ட் கதை பிறகு. முதலில் அந்த டீச்சருக்கு ஒரு கோல் எடுங்கள். பென்னை போர்மட் பண்ண வேண்டாம், வினாத்தாள் அநேகமாக அதற்குள்ளேயேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஷோர்ட்கட் வைரஸ் பெரும்பாலும் பைலை அழிப்பதில்லை, ஒளித்துத்தான் வைக்கிறது. பென்னில் உள்ள உண்மையான போல்டர்களை மறைக்கப்பட்டவை என்று குறித்துவிடும். சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் தள்ளிவிட்டு அதை மறைத்துவிடும். பிறகு அதே பெயர்களில், மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட ஷோர்ட்கட்டுகளை உருவாக்கி வெளியே வைக்கும். நீங்கள் ‘தரம் 10 கணிதம்’ என்பதை இரண்டு தரம் தட்டினால் முதலில் ஓடுவது வைரஸ். அது தன்னைக் கொம்பியூட்டருக்குள் கொப்பி பண்ணிக்கொண்ட பிறகு, மறைத்து வைத்த உண்மையான போல்டரையும் திறந்து காட்டும். பைல் திறந்துவிட்டதே என்று ஆளும் பேசாமல் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். இந்த வைரஸ் இத்தனை வருடமாக நம்முடைய பக்கம் சாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆட்கள் கடைக்கு வந்து “பென்னில இருந்ததெல்லாம் போயிட்டு” என்று சொல்லும் நேரத்தில், அது பல நாளாகப் பல மெஷின்களில் ஏறி இறங்கியிருக்கும்.

பைலை மீட்பது கஷ்டமான வேலையல்ல. ஆனால் உங்கள் கடையில் இப்போது இருக்கிற எந்த மெஷினிலும் அதைச் செய்யாதீர்கள். டிபென்டர் ஒழுங்காக வேலை செய்கிற வேறு ஒரு மெஷினில் பென்னைப் போட்டு, ஷோர்ட்கட் எதையும் தட்டாமல், மேலே ‘வியூ’ என்பதில் ‘ஒப்ஷன்ஸ்’ திறந்து, அங்கே உள்ள ‘வியூ’ பகுதிக்குப் போங்கள். மறைந்த பைல்களைக் காட்டு என்ற வரியைத் தெரிவுசெய்யுங்கள். சற்றுக் கீழே, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களை மறை என்று ஒரு வரி இருக்கும், அதற்குப் பக்கத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பலர் முதல் வரியோடு நிறுத்திவிட்டு “இல்லையே” என்று கைவிரிப்பார்கள். வைரஸ் பைல்களை சிஸ்டம் பைல் என்றும் சேர்த்துக் குறித்து வைத்திருப்பதால் இரண்டாவது வரியையும் மாற்றினால்தான் அவை தெரியும். மங்கலான நிறத்தில் டீச்சரின் போல்டர்கள் வரிசையாக வரும். வேர்ட், பி.டி.எப்., படங்கள் என்று தேவையானவற்றை மட்டும் வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். அம்புக்குறி உள்ளவற்றையும் வி.பி.எஸ்., ஜே.எஸ்., ஈ.எக்ஸ்.ஈ. என்று முடிகிற எதையும் தொட வேண்டாம். கொப்பி பண்ணியதை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிவிட்டு, அப்புறம் பென்னை போர்மட் அடித்து, பைல்களைத் திரும்பப் போட்டுக் கொடுங்கள். வினாத்தாள் திரும்பக் கிடைத்தால் டீச்சரும் பாதிக் கோபத்தையாவது விடுவார்.

ஊர்ப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபிக்கக்கூடாது. அவர்கள் சொல்வது இப்போதைக்கு உண்மைதான். முதல் பென் எங்கிருந்து கொண்டுவந்ததோ தெரியாது, ஆனால் இன்றைக்குப் பரப்புவது உங்கள் மெஷின்தான். நிச்சயப்படுத்த வேண்டுமென்றால், வேறு இடத்தில் போர்மட் பண்ணிய வெறும் பென் ஒன்றில் ஒரு போல்டரை உருவாக்கி உங்கள் மெஷினில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் போல்டர் அம்புக்குறியோடு நின்றால் வைரஸ் மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது நிற்கும்வரை எத்தனை பென்னைத் துப்புரவாக்கினாலும் பிரயோசனமில்லை. ஆகவே சுத்தம் பண்ணி முடியும்வரை இரண்டு மெஷினிலும் வாடிக்கையாளரின் பென் போடுவதை நிறுத்துங்கள். வட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ அனுப்பச் சொல்லி, இரவல் மடிக்கணினி ஒன்றிலிருந்து பிரின்ட் எடுத்துச் சமாளியுங்கள். இரண்டு மூன்று நாள் வருமானம் கொஞ்சம் விழும்தான்.

இனி அந்தக் கிராக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்ட வரி “டிபென்டரை நிறுத்திவைத்தார்” என்பதுதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபென்டர் கூடவே வருகிறது, காசு இல்லை. கிராக் போடுகிற பைலோடு பெரும்பாலும் ஒரு குறிப்பு வரும்: முதலில் வைரஸ் கார்டை நிறுத்து, பிறகு இதை ஓடவிடு, இது வைரஸ் என்று காட்டினால் பயப்படாதே. யாராவது ஒருவன் முகம் தெரியாத இடத்திலிருந்து ஒரு பைலைத் தந்து, காவலை எடுத்துவிட்டு இதைத் திற என்றால் நாம் திறப்போமா? கிராக் என்றால் மட்டும் திறக்கிறோம். சில கிராக்குகள் சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே பெயரில், அதே படத்தோடு, பாஸ்வேர்ட் திருடும் புரோகிராமையும் பைல் பூட்டும் வைரஸையும் உள்ளே வைத்துக் கொடுப்பவர்கள்தான் அந்தத் தளங்களில் நிறைந்திருக்கிறார்கள். ஸ்டொப் என்றும் டிஜேவு என்றும் சொல்லப்படுகிற பைல் பூட்டும் வைரஸ் குடும்பம் 2018 தொடக்கம் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் கிராக் பைல்களின் வழியாகத்தான். பெரிய கம்பனிகளை விட்டுவிட்டு வீட்டு மெஷின், கடை மெஷின், மாணவர்களின் மடிக்கணினி என்று பிடித்தது அது.

நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் செட்டிங்ஸுக்குள் கீழே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு இடம் இருக்கும். டிபென்டர் எதையெல்லாம் பார்க்காமல் விடவேண்டும் என்ற பட்டியல் அது. நீங்களாகச் சேர்க்காத மெஷினில் அது வெறுமையாக இருக்கவேண்டும். கிராக் போட்ட மெஷின்களில் அங்கே முழு சி ட்ரைவும் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அப்படி இருந்தால் டிபென்டர் ஓடுகிறது, பச்சை அடையாளமும் காட்டுகிறது, ஆனால் ஒன்றையும் பார்ப்பதில்லை. வான்கதவைத் திறந்துவிட்டு எந்தக் கடை மண்மூட்டை நல்லது என்று விசாரிப்பதுபோலத்தான், இந்த நிலையில் எந்த வைரஸ் கார்ட் வாங்கலாம் என்று கேட்பதும்.

தம்பி போர்மட் அடித்தும் திரும்ப வந்ததற்கும் காரணம் அநேகமாக இதுதான். போர்மட் அடித்தது சி ட்ரைவை மட்டும். கிராக்கும் பழைய செட்டப் பைல்களும் டி ட்ரைவில் அப்படியே இருந்திருக்கும். விண்டோஸ் அடித்த கையோடு அதே கிராக்கை அதே போல்டரிலிருந்து திரும்பப் போட்டிருப்பார். அவரை ஏசாதீர்கள். வாடிக்கையாளர் கேட்பதே “எல்லாம் போட்டுத் தாங்க” என்றுதானே, அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் கிராக்கும் அடங்கும் என்று ஊர் பழகிவிட்டது.

அதனால் இந்தத் தடவை ஒழுங்காக அடியுங்கள். ஸ்கேன் பண்ணிச் சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். டிபென்டரில் ‘ஒப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று உண்டு. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் முழுதாக எழும்புமுன் தேடும், கால் மணித்தியாலம் போல எடுக்கும், நல்ல சாமான். வீட்டில் படத்துக்கும் பாட்டுக்கும் வைத்திருக்கிற மெஷின் என்றால் அதோடு விடலாம் என்பேன். நீங்கள் வைத்திருப்பதோ ஊராரின் அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் வந்து போகிற மெஷின். பாஸ்வேர்ட் வேறு திருடப்பட்டிருக்கிறது. ஸ்கேன் பண்ணி ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நம்ப எனக்கு மனம் வராது.

மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து, துப்புரவான ஒரு மெஷினில், விண்டோஸ் போடும் பென் ஒன்றை இலவசமாகவே தயாரிக்கலாம். 8 ஜி.பி. பென் போதும். உங்கள் ஆவணங்களை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, டி ட்ரைவ் உட்பட எல்லாப் பகுதிகளையும் அழித்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். செட்டப் பைல்கள், கிராக்குகள், ‘சொப்ட்வெயார்’ என்று பெயர் போட்ட அந்தப் பழைய போல்டர் ஒன்றையும் எடுத்துவைக்க வேண்டாம்.

உரிமத்துக்குக் காசு எங்கே போவது என்று யோசிக்கிறீர்கள். செகண்ட் ஹேண்டாக வருகிற டெல், எச்.பி., லெனோவோ மெஷின்களில் விண்டோஸ் 10 அல்லது 11 உடன் விற்கப்பட்டவை என்றால் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இன்டர்நெட்டைக் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அசல் உரிமம் உள்ளே தூங்க, அதற்கு மேல் கிராக் விண்டோஸ் போட்டு வைத்திருக்கிற மெஷின்கள் மட்டக்களப்பு டவுனிலேயே எத்தனையோ இருக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று போட்ட பிறகு செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தில் தெரியும். ஒபிஸுக்கு லிப்ரே ஒபிஸ் இலவசம். சி.வி. அடிக்கவும் கடிதம் எழுதவும் தாராளமாகப் போதும். ஆனால் வெளியிலிருந்து வருகிற வேர்ட் பைல்கள், அதுவும் பாமினி எழுத்துருவில் அடித்து அட்டவணை போட்டவை, அதில் திறந்தால் இடம் மாறிப்போகும், பொய் சொல்லக்கூடாது. பிரின்டுக்கு வருபவர்களை பி.டி.எப். ஆகக் கொண்டுவரச் சொல்லிப் பழக்குங்கள். அது சரிவராது, வேர்ட் இல்லாமல் கடை ஓடாது என்றால், வைரஸ் கார்டுக்கு ஒதுக்கிய காசை ஒரு மெஷினுக்காவது ஒபிஸ் உரிமம் வாங்கப் போடுங்கள். இதுதான் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில். டிபென்டர் சுயாதீனச் சோதனைகளில் காசு கொடுத்து வாங்குகிறவற்றோடு சரிசமமாக நிற்கிறது. அதை நிறுத்தாமல் விட்டால் போதும். இரண்டு வைரஸ் கார்ட் ஒன்றாகப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, மெஷின்தான் இழுக்கும். சந்தேகம் வந்த நேரத்தில் மறுகருத்துக்கு மால்வெயார்பைட்ஸின் இலவசப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து ஒரு தடவை ஓடவிடலாம். வைரஸ் கார்டையே கிராக் பண்ணிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

பாமினி என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ் எழுத்துரு தேடிப் போகிற இடத்திலும் கவனம். எழுத்துரு பைல் டி.டி.எப். அல்லது ஓ.டி.எப். என்று முடியும். ஸிப்பைத் திறந்தால் உள்ளே ஈ.எக்ஸ்.ஈ. நின்றால் அது எழுத்துரு அல்ல, அழித்துவிடுங்கள். இந்த முடிவெழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். அதே ‘வியூ’ பகுதியில் பைல் பெயரின் நீட்சிகளைக் காட்டும்படி மாற்றிவையுங்கள். 2000 மே மாதத்தில் உலகத்தையே ஆட்டிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் காதல் கடிதம் என்ற பெயரோடு, டி.எக்ஸ்.டி. என்று தெரிகிற மாதிரி வந்து, உண்மையான வி.பி.எஸ். முடிவை விண்டோஸே மறைத்துக் கொடுத்ததால்தான் அவ்வளவு பேர் அதைத் திறந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் அந்தத் தந்திரம் ‘பெறுபேறு பி.டி.எப்.’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேஸ்புக் விஷயத்தை போர்மட் அடிக்கும்வரை வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கே பாருங்கள். கடை மெஷினில் அல்ல, உங்கள் போனில். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே லொகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிற புரோகிராம்கள் இருக்கின்றன. அந்த அடையாளம் கையில் இருந்தால் திருடனுக்கு பாஸ்வேர்டே தேவையில்லை. ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல், எங்கெங்கே லொகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போடுங்கள். முதலில் ஈமெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு பேஸ்புக், பிறகு மற்றவை. ஈமெயில் அவன் கையில் இருந்தால் மற்றதெல்லாம் திரும்பத் திருடலாம். அந்த மெஷினில் வங்கிக் கணக்குக்குள் போயிருந்தால் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். இனிமேல் வாடிக்கையாளர் உட்கார்ந்து எழும்புகிற மெஷினில் வங்கி வேலை வேண்டாம்.

புதிதாக வந்திருக்கிற ஒரு ஏமாற்று உங்கள் மாதிரிக் கடைகளுக்குத்தான் ஆபத்து, அதனால் சொல்கிறேன். ஏதோ ஒரு தளத்துக்குப் போனால், நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு பெட்டி வரும். அதைத் தட்டினால், விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லும். ஏற்கெனவே உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையைக் கொப்பி பண்ணி வைத்திருக்கும். நீங்கள் அந்த மூன்றையும் செய்தால் வைரஸை உங்கள் கையாலேயே இறக்கி ஓடவிட்டதாகும். வைரஸ் கார்டையும் இது பல நேரம் தாண்டிவிடும், ஏனென்றால் கட்டளை கொடுத்தது மெஷினின் சொந்தக்காரர். உண்மையான எந்தத் தளமும் மனிதர்தானா என்று பார்க்க விசைப்பலகையில் இதை அழுத்தச் சொல்லாது. பெறுபேறு வரும் நாட்களில் பிள்ளைகள் வரிசையில் நிற்க, கூகுளில் முதலில் வருகிறதைத் தட்டுகிற அவசரத்தில்தான் இப்படி மாட்டுவது. பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தை புக்மார்க் பண்ணி வைத்து அதிலிருந்து மட்டும் போங்கள்.

சரி, மெஷின்கள் சுத்தமாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பென் வருவதை நிறுத்த முடியாது, அதுதான் உங்கள் பிழைப்பு. இரண்டு மெஷினையும் ஒரே மாதிரிப் பாவிக்காமல் வேலையைப் பிரியுங்கள். பழையது பென் போடவும் பிரின்ட் எடுக்கவும் மட்டும். மற்றதில் உங்கள் கணக்கு, உங்கள் ஆவணம், விண்ணப்ப வேலை, அதில் வெளிப் பென் ஒருபோதும் ஏறக்கூடாது. பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் நல்லது. ஷோர்ட்கட் வைரஸ் விண்டோஸுக்காக எழுதியது, லினக்ஸில் அது ஓடாது. மறைத்த போல்டர்களும் அங்கே பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும், பைலை மீட்கவும் வசதி. பி.டி.எப்., படம் பிரின்ட் எடுக்க அதற்குப் பழக ஒரு நாள் போதும். போடுமுன் உங்கள் பிரின்டர் அதில் வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள், லினக்ஸை பென்னிலிருந்தே ஓடவிட்டுச் சோதிக்கலாம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால், பென் போட்டதும் தானாகத் திறக்கிற ஓட்டோ பிளேயை நிறுத்திவைத்து, பென்னைத் திறக்குமுன் அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி ஸ்கேன் பண்ணுங்கள். உதவிக்கு நிற்கிற பிள்ளைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று கொடுங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள், யார் யாருடைய அடையாள அட்டையோ எத்தனை கிடக்கும்! கடை பூட்டுமுன் அதை வெறுமையாக்குங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. ஆட்கள் தங்கள் ஈமெயிலைத் திறந்துவிட்டு அப்படியே எழும்பிப் போவார்கள், வெளியேற்றி விடுவதும் உங்கள் வேலைதான்.

விண்டோஸ் 10 பற்றியும் சொல்லவேண்டும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் மேலும் ஒரு வருடம் என்று நீட்டிப்பு ஒன்றும் அறிவித்தது. டிபென்டரின் வைரஸ் பட்டியல் தொடர்ந்து வரும், ஆனால் அந்த நீட்டிப்பு இல்லாத மெஷினில், விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகள் அடைபடாது. 2017 மே 12ஆம் திகதி வன்னாகிரை என்ற பைல் பூட்டும் வைரஸ் உலகெங்கும் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். புதிதாக அடிக்கப் போகிறீர்கள், ஆகவே வேலை மெஷினில் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசர், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும். ஏறாத பழையதுதான் லினக்ஸுக்கு.

பைல் பூட்டும் வைரஸ் வந்தால் என்ன செய்வது என்றீர்கள். வந்த பிறகு செய்ய அதிகம் இல்லை. இன்டர்நெட் வயரைக் கழற்றுங்கள், மற்ற மெஷினையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பிரியுங்கள். காசு கட்டாதீர்கள், கட்டியவர்களுக்கெல்லாம் சாவி கிடைப்பதில்லை. ஐரோப்பிய பொலிஸ் அமைப்பான யூரோபோலும் வைரஸ் கார்ட் கம்பனிகளும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறப்புகள் உண்டு, உங்களுடையதற்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம். இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் எடுத்து வைத்த பிரதியில் இருக்கிறது.

பிரதி இல்லாவிட்டால் அரசாங்கத்துக்கே கதி இல்லை. 2023 ஓகஸ்டில் அரச நிறுவனங்களின் ஈமெயில் ஓடுகிற லங்கா அரசாங்க கிளவுட்டை இப்படியொரு வைரஸ் தாக்கியபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான ஈமெயில்கள் திரும்பக் கிடைக்காமல் போயின. ஏறக்குறைய 5,000 அரச ஈமெயில் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குப் பிரதி இருக்கவில்லை.

உங்களுக்குத் தேவையானது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். கிழமைக்கு ஒரு தடவை செருகி, கொப்பி பண்ணி, உடனே கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே கிடந்தால் வைரஸ் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். கழற்றியதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாரியில் கடைக்குள் வெள்ளம் வந்தால் மெஷினும் பிரதியும் ஒன்றாக நனையக்கூடாது. வீடும் அதே பள்ளத்தில் என்றால் மிக முக்கியமானவற்றை கூகுள் ட்ரைவிலும் ஏற்றுங்கள், 15 ஜி.பி. வரை இலவசம். எப்போதாவது ஒரு பைலை அந்தப் பிரதியிலிருந்து திறந்தும் பாருங்கள். கொப்பி ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்து, தேவைப்பட்ட நாளில் வெறும் போல்டரைக் கண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வெயார் (பைல் பூட்டும் வைரஸ்) பாதுகாப்பு என்ற பகுதிக்குள் ‘கன்ட்ரோல்ட் போல்டர் அக்சஸ்’ என்று ஒன்று இருக்கிறது, வழக்கமாக நிறுத்தியே இருக்கும். அதைப் போட்டால் தெரியாத புரோகிராம் எதுவும் உங்கள் ஆவணங்களை மாற்ற முடியாது. சில நேரம் நல்ல புரோகிராமையும் மறிக்கும், அப்போது அதை மட்டும் அனுமதிக்கலாம்.

கடைசிக் கேள்வி, பென் துப்புரவாக்கக் காசு. தாராளமாக வாங்கலாம், அது வேலைதானே. ஆனால் இந்த ஒன்றிரண்டு மாதத்தில் உங்கள் கடையில் பென் போட்டவர்களுக்கு இலவசமாகச் செய்து கொடுங்கள். கடை வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்: எங்கள் மெஷினில் வைரஸ் இருந்தது, இப்போது சுத்தம் பண்ணிவிட்டோம், உங்கள் பென்னையும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம். வெட்கமாக இருக்கும், ஆனால் அந்தப் பென்களெல்லாம் இப்போது வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் செருகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டால் அதே பென் அடுத்த மாதம் உங்கள் கடைக்கே திரும்ப வரும். புதிதாக வருபவர்களிடம் நீங்கள் நினைத்த தொகையை வாங்குங்கள், பைலை மீட்டுக் கொடுத்தால் கொஞ்சம் கூடவே வாங்குங்கள்.